ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல்: போரில் அசராதவர், வீடு திரும்பியதும் படுத்த படுக்கையானது ஏன்?

மே 12 வந்தால் போதும், நம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க ஒரே படம்தான். கையில் விளக்கு, தலையில் வெள்ளைத் துணி, முகத்தில் அமைதி. 'கைவிளக்கு ஏந்திய காரிகை' என்று பள்ளிப் பாடத்தில் படித்த அதே ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல். அவர் பிறந்த நாளைத்தான் உலக செவிலியர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

அந்தப் படம் சொல்லும் செய்தி ஒன்றுதான். நல்ல நர்ஸ் என்றால் களைப்பே தெரியாது, புகாரே வராது, தூக்கமே தேவையில்லை.

ஆனால் அந்தப் படத்தில் இருப்பவரின் நிஜ வாழ்க்கை வேறு மாதிரி. போர்க்களத்து மருத்துவமனையில் 21 மாதங்கள் தாக்குப்பிடித்தவர், ஊர் திரும்பிய ஒரு வருடத்தில் நொடிந்து விழுந்தார். அப்போது அவருக்கு வயது 37. அதன்பிறகு பல ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையிலும் சோபாவிலும்தான் கழித்தார். என்ன நடந்தது? இன்று வார்டுகளை நிர்வகிக்கும் மேட்ரன்களுக்கும் சூப்பரிண்டெண்டன்ட்களுக்கும் அந்தக் கதையில் என்ன இருக்கிறது? பார்ப்போம்.

வசதியான வீட்டுப் பெண்ணுக்கு ஏன் இந்த வேலை?

1820-ம் ஆண்டு மே 12-ம் தேதி இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரையே குழந்தைக்கு வைத்துவிட்டார்கள். பிரிட்டனில் இரண்டு பெரிய மாளிகைகள் கொண்ட பணக்காரக் குடும்பம். அப்பா வில்லியம், மகள்கள் இருவருக்கும் தானே உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுத்தார். கணக்கில் ஃப்ளோரன்ஸுக்குத் தனி ஈடுபாடு.

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறேன் என்று 1845-ல் அவர் சொன்னபோது வீட்டில் பெரிய பிரச்னை ஆனது. அன்றைய பிரிட்டனில் அது கௌரவமான வேலை கிடையாது. நர்ஸ் என்றால் படிக்காதவர், குடிப்பவர் என்றுதான் பேச்சு. அம்மாவும் அக்காவும் விடவே இல்லை. 1851-ல்தான் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் என்ற இடத்தில் சுமார் மூன்று மாதம் பயிற்சி எடுக்க முடிந்தது. வீட்டை எதிர்த்து நின்று இந்த இடத்துக்கு வர அவருக்கு ஆறு வருடம் ஆகியிருந்தது.

முதல் வேலையே மேனேஜர் வேலை

பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இது. நைட்டிங்கேல் வார்டு நர்ஸாகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர் இல்லை. 1853-ல் லண்டன் ஹார்லி தெருவில், நோயுற்ற பெண்களுக்கான ஒரு சிறிய மருத்துவமனைக்கு சூப்பரிண்டெண்டன்ட் ஆகத்தான் சேர்ந்தார். சம்பளம் கிடையாது. அப்பா வருடத்துக்கு 500 பவுண்ட் கொடுத்தார்.

அங்கே அவர் முதலில் கேட்டது என்ன தெரியுமா? ஒவ்வொரு மாடிக்கும் குழாயில் சுடுதண்ணீர். சாப்பாட்டை மேலே தூக்கிக்கொண்டு போக ஒரு சின்ன லிஃப்ட். எந்த நோயாளி கூப்பிடுகிறார் என்று நர்ஸுக்கு உடனே தெரியும்படி மணி அமைப்பு.

இதெல்லாம் ஏன்? நர்ஸ் மாடிப்படி ஏறி இறங்கியே களைத்துப் போனால் நோயாளியை யார் பார்ப்பது என்பதுதான் அவருடைய கணக்கு. ஊழியர் களைப்பாக இருந்தால், வேலை அமைந்திருக்கும் விதத்தில் எங்கோ கோளாறு என்று அவர் எடுத்துக்கொண்டார். இந்த ஒரு புள்ளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஸ்குடாரியில் என்ன நடந்தது?

1854-ல் பிரிட்டனும் பிரான்ஸும் துருக்கியோடு சேர்ந்து ரஷ்யாவுக்கு எதிராகப் போரில் இறங்கின. அதுதான் கிரிமியப் போர். காயம்பட்ட வீரர்கள் கவனிப்பாரின்றிச் சாகிறார்கள் என்று அந்த அக்டோபரில் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் செய்தி வர, நாடே கொதித்தது. அமைச்சராக இருந்த சிட்னி ஹெர்பர்ட், குடும்ப நண்பரும்கூட, நைட்டிங்கேலைப் போகச் சொன்னார்.

38 பெண்களோடு கிளம்பி, நவம்பர் 4-ம் தேதி இஸ்தான்புல்லுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஸ்குடாரிக்கு வந்து சேர்ந்தார். அது ராணுவக் குடியிருப்பாக இருந்து மருத்துவமனையாக மாற்றப்பட்ட மாபெரும் கட்டடம். அடியில் அடைத்துக்கிடக்கும் சாக்கடை, எங்கும் எலி, போதாத கட்டில், போதாத துணி. போதாக்குறைக்கு, இந்தப் பெண்களை வார்டுக்குள் விட ராணுவ டாக்டர்களுக்கு மனசே இல்லை.

அவர் சண்டை போடவில்லை. டாக்டர்கள் கூப்பிடும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்று தன் ஆட்களையே தடுத்துவிட்டார். உட்கார்ந்து துணி தைக்கச் சொன்னார். சில நாட்களில் போர்முனையிலிருந்து ஆட்கள் கப்பல் கப்பலாக வந்து குவிய, டாக்டர்களே கூப்பிட்டார்கள்.

அதன்பிறகு அவர் செய்த வேலைகளின் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். சமையலறை, சலவை, சட்டை, சோப்பு, துடைப்பம், மருந்துச் சாமான். தீயில் சேதமான வார்டுகளை ஆள் வைத்துச் சரிசெய்வது. செலவுக் கணக்கு. லண்டனுக்கு ஹெர்பர்ட்டுக்கு அறிக்கை. இறந்துபோன வீரர்களின் வீட்டுக்குக் கடிதம்.

அந்த விளக்குக்கும் ஒரு நிர்வாகக் காரணம் உண்டு. இரவு எட்டு மணிக்கு மேல் வேறு எந்தப் பெண்ணும் வார்டில் இருக்கக் கூடாது என்பது அவரே போட்ட விதி. தன் ஆட்கள்மீது எந்தப் பேச்சும் வந்துவிடக் கூடாது என்ற கவலை. அதனால் ராத்திரி ரவுண்ட்ஸ் அவர் ஒருவர் தலையில் விழுந்தது. படங்களில் வரும் அலாவுதீன் விளக்கு மாதிரி இல்லை அது. மடித்து வைக்கக்கூடிய துருக்கி லாந்தர். நாம் சேவையின் சின்னமாகப் பார்க்கும் காட்சி, ஆள் பற்றாக்குறையில் மேட்ரனே நைட் டியூட்டியும் பார்த்த காட்சி!

இரண்டு பக்கமும் இடி

நர்சிங் இன்சார்ஜாக இருக்கும் யாரிடமாவது கேட்டுப்பாருங்கள். நோயாளிகளால் வரும் களைப்பை விட, நடுவில் மாட்டிக்கொள்வதால் வரும் களைப்புதான் அதிகம் என்பார்கள். மேலே டாக்டரும் நிர்வாகமும், கீழே டியூட்டி லிஸ்ட்டும் லீவு கேட்கும் ஊழியர்களும், எதிரே கோபத்தில் நிற்கும் உறவினர்கள். நைட்டிங்கேலுக்கு இது அத்தனையும் நடந்தது.

அவருடன் வந்த 38 பேரில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள், ஆங்கிலிக்கன் சகோதரிகள், மருத்துவமனைகளில் சம்பளத்துக்கு வேலை பார்த்த நர்ஸ்கள் எல்லாரும் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் ஒத்துப்போகவில்லை. யார் எந்த மதப் பிரிவைப் பரப்புகிறார்கள் என்று லண்டன் பத்திரிகைகளில் சர்ச்சை வேறு. குடித்ததற்காகச் சிலரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

அந்த டிசம்பரிலேயே, அவரைக் கேட்காமலே இன்னும் 40-க்கும் மேற்பட்ட பெண்களை லண்டன் அனுப்பிவைத்தது. தங்க இடமில்லை, சாப்பாடு இல்லை, டாக்டர்களிடம் அனுமதியும் இல்லை. கொதித்துப்போன அவர், ராஜினாமா செய்துவிடுவேன் என்று ஹெர்பர்ட்டுக்கு எழுதினார். புதிதாக வந்தவர்களில் ஐரிஷ் கன்னியாஸ்திரிகளின் தலைவியான மதர் பிரிட்ஜ்மேன், நைட்டிங்கேலின் அதிகாரத்தை ஏற்கவே மறுத்தார்.

இதைவிடப் பெரிய சிக்கல், அவருடைய நியமன உத்தரவிலேயே இருந்தது. அதில் துருக்கியில் உள்ள மருத்துவமனைகள் என்றுதான் எழுதியிருந்தது. கிரிமியா கடலுக்கு அந்தப் பக்கம். அங்கே தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த ஜான் ஹால், இந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டார். கிரிமியாவில் நர்ஸ்கள் செய்யும் தவறுக்கு நைட்டிங்கேல் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அங்கே உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இல்லை. அவரது நர்ஸ்களைக் குறை சொல்லி ஒரு ரகசிய அறிக்கையும் லண்டனுக்குப் போனது.

1855 மே மாதம் கிரிமியாவுக்கு நேரில் போன இடத்தில் கடும் காய்ச்சலில் விழுந்தார். பிழைப்பதே சந்தேகம் என்ற நிலை. முடியை வெட்டிவிட்டார்கள். கொஞ்சம் தேறியதும் ஊருக்குப் போகச் சொன்னார்கள். போகவில்லை, மறுபடியும் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

எல்லா ராணுவ மருத்துவமனைகளிலும் நர்ஸ்களுக்கு அவரே தலைவர் என்று தெளிவான உத்தரவு வந்தது 1856 மார்ச் 16-ல். சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது மார்ச் 30-ல். அதாவது, போர் முடிய இரண்டே வாரம் இருக்கும்போதுதான் அதிகாரம் கைக்கு வந்தது.

1979-ல் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் காராசெக் பணி அழுத்தம் பற்றி ஒரு கருத்தை முன்வைத்தார். வேலை கடினமாக இருப்பது மட்டும் ஆளை உடைத்துவிடாது. சுமை அதிகமாகவும், முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும்போதுதான் ஆபத்து என்றார். இதற்கு ஸ்குடாரியைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ஊர் திரும்பிய பின் ஏன் உடைந்தார்?

1856 ஆகஸ்ட்டில் நாடே வரவேற்கக் காத்திருந்தது. அவரோ மிஸ் ஸ்மித் என்ற பெயரில் பயணம் செய்து, சத்தமில்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். பாராட்டுக் கூட்டம் எதற்கும் போகவில்லை. தூக்கம் சரியில்லை, சாப்பாடு இறங்கவில்லை, இறந்துபோன வீரர்களின் நினைப்பு விடவில்லை.

ஓய்வும் எடுக்கவில்லை. விக்டோரியா மகாராணியைச் சந்தித்து, ராணுவ சுகாதாரத்தை விசாரிக்க அரச விசாரணைக் குழு அமைக்க வைத்தார். புள்ளியியல் நிபுணர் வில்லியம் ஃபார் உடன் உட்கார்ந்து சாவுக் கணக்கைப் பிரித்து மேய்ந்தார். கிரிமியப் போரில் இறந்த பிரிட்டிஷ் வீரர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் நோயில் இறந்தவர்கள். காயத்தில் இறந்தவர்கள் குறைவு.

ஸ்குடாரியின் கணக்கு இன்னும் கொடுமை. 1855 பிப்ரவரியில் அங்கே சேர்க்கப்பட்டவர்களில் 100-க்கு 42 பேர் என்ற அளவில் மரணம். மார்ச்சில் சுகாதாரக் குழு வந்து சாக்கடையைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்துக்கு வழி செய்தது. ஜூன் மாதம் அது 100-க்கு 2 ஆகக் குறைந்தது.

அப்படியென்றால், முதல் குளிர்காலம் முழுக்க அவர் இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட அந்தக் கட்டடமே ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது. இந்த உண்மை எண்களில் தெரிய வந்தபோது ஏற்பட்ட குற்ற உணர்ச்சிதான் 1857 ஆகஸ்ட்டில் அவரை வீழ்த்தியது என்று எழுதுகிறார் வரலாற்று ஆய்வாளர் ஹியூ ஸ்மால். எல்லாரும் இதை ஏற்கவில்லை. ஆனால் தன் பொறுப்பில் இருந்தவர்களைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற காயம் எப்படிப்பட்டது என்பது கொரோனா வார்டுகளில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உடம்பா? மனசா?

இந்தக் கேள்வியை 100 வருடத்துக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கு இதயம் படபடக்கும், மூச்சு வாங்கும், சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டும், பிறகு முதுகுவலி. அந்த வருடக் கடைசியில் உயிலே எழுதிவிட்டார்.

ஒரு தரப்பு, எல்லாம் நரம்புத் தளர்ச்சி என்றது. 1974-ல் ஜார்ஜ் பிக்கரிங் என்ற மருத்துவப் பேராசிரியர், அந்த நோய் அவருக்கு வசதியாகவும் இருந்தது, தொல்லையில்லாமல் வேலை பார்க்க உதவியது என்று எழுதினார். 1995-ல் டேவிட் யங் என்பவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வேறு விளக்கம் தந்தார். கிரிமியாவில் வந்த காய்ச்சல் புருசெல்லோசிஸ் ஆக இருக்கலாம், பாலின் வழியாகப் பரவும் அந்தத் தொற்று நாள்பட்டால் உடல்வலியும் சோர்வும் மனச்சோர்வும் வருடக்கணக்கில் நீடிக்கும் என்றார். அந்தக் கிருமியே 1887-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அவருடைய டாக்டர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

இன்று உறுதியாக முடிவு சொல்ல முடியாது. ஆனால் இந்த விவாதத்தில் ஒரு பாடம் இருக்கிறது. ஒருவர் சோர்ந்து விழுந்தால், நிஜ நோயா, நடிப்பா என்று துருவுவதுதான் நம் வழக்கம். இரண்டும் கலந்தே வரும் என்பதை ஏற்க நமக்கு மனம் வருவதில்லை.

படுக்கையே ஆபீஸ்

விசித்திரம் என்னவென்றால், அவருடைய பெரிய சாதனைகள் பலவும் இதற்குப் பிறகுதான். ஓட்டல் அறையிலும், பிறகு லண்டன் சவுத் தெரு வீட்டிலும் இருந்தபடி எழுதினார். பார்க்க வருபவர்கள் முன்கூட்டியே கேட்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒருவர்தான். அம்மா, அக்காவுக்கும்கூட எளிதில் அனுமதி இல்லை. துணைக்குப் பூனைகள்.

மருத்துவமனைக் கட்டடங்கள் பற்றியும், நோயாளி பராமரிப்பு பற்றியும் புத்தகங்கள் வந்தன. 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரில் நர்சிங் பள்ளி தொடங்கியது. இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமலே, இங்கிருந்த ராணுவ முகாம்களின் சுகாதாரத்தை ஆராய்ந்த அரச விசாரணைக் குழுவுக்குத் தூணாக இருந்தார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தின்போது, பாசன வசதிக்காக ஆர்தர் காட்டனின் பக்கம் நின்று எழுதியவரும் இவர்தான்.

ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது, அதை மற்றவர்களும் கொடுத்தார்கள். சிறுநீரக நோயால் வாடிய சிட்னி ஹெர்பர்ட்டை அவர் விடவில்லை. சீர்திருத்தத்தை முடியுங்கள் என்று நெருக்கிக்கொண்டே இருந்தார். 1861 ஆகஸ்ட்டில், 50 வயதில், ஹெர்பர்ட் இறந்தார். பல வருடம் கூடவே இருந்த அத்தை மாய், தன் குடும்பத்தைப் பார்க்கக் கிளம்பியபோது அதைத் துரோகமாக எடுத்துக்கொண்டார். தனக்கு ஓய்வு தராதவர், சுற்றியிருப்பவர்களுக்கும் தரவில்லை. பணி அழுத்தம் மேலிருந்து கீழே இப்படித்தான் இறங்குகிறது.

ஆக்னஸ் ஜோன்ஸ்: மறக்கப்பட்ட மேட்ரன்

நைட்டிங்கேல் பள்ளியில் பயின்றவர் ஆக்னஸ் ஜோன்ஸ். லிவர்பூலில் ஏழைகள் தங்கும் அரசு விடுதியின் மருத்துவமனைக்கு 1865-ல் சூப்பரிண்டெண்டன்ட் ஆகப் போனார். 1,200-க்கும் மேற்பட்ட நோயாளிகள். அவருடன் போன பயிற்சி பெற்ற நர்ஸ்கள் 12 பேர். உதவிக்கு இருந்தவர்கள், அந்த விடுதியிலேயே தங்கியிருந்த ஏழைப் பெண்கள். விடுதி நிர்வாகியோடு ஓயாத உரசல் வேறு. மூன்றே வருடம். 1868 பிப்ரவரியில் டைஃபஸ் காய்ச்சலில் இறந்தார். வயது 35.

நைட்டிங்கேல் உடைந்துபோனார். உடனே ஒரு கட்டுரை எழுதி, ஜோன்ஸை ஒரு வீராங்கனையாக உயர்த்திப் பிடித்தார். அவர் விட்ட இடத்துக்கு இளம்பெண்கள் வர வேண்டும் என்று அழைத்தார். அன்பில் எழுதியதுதான். ஆனால் 12 பேரை வைத்துக்கொண்டு 1,200 பேரைப் பார்க்கச் சொன்ன ஏற்பாட்டைக் கேட்க வேண்டிய கேள்வி, தியாகத்தின் புகழில் அமுங்கிப்போகிறது. ஹார்லி தெருவில் சுடுதண்ணீர்க் குழாய் கேட்ட நைட்டிங்கேலுக்கு இது தெரியாததல்ல. துக்கத்தில் அவரும் சறுக்கினார் என்றே தோன்றுகிறது.

பிற்காலத்தில் என்ன மாறியது?

வயது ஏற ஏற அவர் கொஞ்சம் இளகினார். தன் பள்ளியிலிருந்து வெவ்வேறு மருத்துவமனைகளுக்கு மேட்ரன்களாகப் போனவர்களுக்கு, வருடக்கணக்கில் விடாமல் கடிதம் எழுதினார். எடின்பரோவில் இருந்த ஏஞ்சலிக் பிரிங்கிள், லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையின் ரேச்சல் வில்லியம்ஸ் போன்றவர்கள் அதில் முக்கியமானவர்கள். நிர்வாகத்தோடு தகராறா, டாக்டர் மதிக்கவில்லையா, வேலையை விட்டுவிடலாமா என்று எதுவானாலும் அவரிடம் எழுதலாம். களைத்துப்போனவர்களைத் தன் வீட்டில் தங்கி ஓய்வெடுக்கச் சொன்னார். சாப்பாட்டுப் பொருட்களும் பூக்களும் அனுப்பிவைத்தார்.

ஸ்குடாரியில் அவருக்குக் கிடைக்காத ஒன்றை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார் என்று சொல்லலாம். இன்னொரு மேட்ரனின் காது.

நோயாளி பராமரிப்பு பற்றிய அவருடைய புத்தகத்தில் சின்னச் சின்ன நிர்வாகம் பற்றி ஒரு அத்தியாயமே இருக்கிறது. நீங்கள் இருக்கும்போது நடக்கும் வேலை, நீங்கள் இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்வதுதான் பொறுப்பில் இருப்பவரின் வேலை என்பது அதன் சாரம். நான் இல்லையென்றால் எதுவும் ஓடாது என்பது பெருமைப்பட வேண்டிய விஷயமே இல்லை என்கிறார். லீவு நாளிலும் வார்டு குரூப்பில் மெசேஜ் பார்த்துக்கொண்டிருக்கும் எல்லா இன்சார்ஜ் சிஸ்டர்களும் படிக்க வேண்டிய பக்கம் அது. அவர்களுக்கு மேலே இருப்பவர்கள் இன்னும் கட்டாயமாகப் படிக்க வேண்டும்.

1907-ல் பிரிட்டனின் உயரிய ஆர்டர் ஆஃப் மெரிட் விருது கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். 1910 ஆகஸ்ட் 13-ல், 90 வயதில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்யலாம் என்று அரசு சொன்னதைக் குடும்பம் ஏற்கவில்லை. ஹாம்ப்ஷயரில் ஈஸ்ட் வெல்லோ என்ற கிராமத்துத் தேவாலயத்தில் எளிமையாக அடக்கம் நடந்தது.

இன்று இதை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

'பர்ன் அவுட்' என்று நாம் சாதாரணமாகச் சொல்வதை, உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய் வகைப்பாட்டில் விளக்கியது. அதை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. சரிசெய்யப்படாத, நாள்பட்ட பணி அழுத்தத்தின் விளைவு என்றது. சக்தியெல்லாம் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, எதையும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை என்ற உணர்வு, இந்த மூன்றும்தான் அதன் அடையாளம்.

பணியிடத்தில் பிறக்கும் பிரச்னைக்கு மருந்தும் பணியிடத்தில்தான் இருக்க வேண்டும். யோகா வகுப்பு, நன்றி சொல்லும் போஸ்டர், மே 12-ல் ஒரு கேக் இதெல்லாம் தப்பில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் பயனில்லை. போதுமான ஆட்கள் இருக்கிறார்களா? பொறுப்பைக் கொடுத்தவர்கள் அதற்கான அதிகாரத்தையும் கொடுத்தார்களா? கீழே இருப்பவர்களின் கஷ்டத்தைக் கேட்கும் மேட்ரனின் கஷ்டத்தைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

அடுத்த மே 12-க்கு விளக்குப் படத்தை ஸ்டேட்டஸில் வைப்பவர்கள் தாராளமாக வைக்கலாம். கூடவே, உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ வார்டு இன்சார்ஜாக இருக்கும் ஒருவரிடம், அன்றைக்கு அவருக்கு மாற்று ஆள் இருந்ததா, சாப்பிட நேரம் கிடைத்ததா என்று கேட்டுப்பாருங்கள்.